பெயர் யாருக்குச் சொந்தம்? கம்பம் திராட்சையும் கம்ப்யூட்டர் உலகமும்

தேனி மாவட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே பிள்ளைகளுக்கு "பென்னி குயிக்" என்று பெயர் வைக்கிறார்கள்!

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கில என்ஜினீயரின் பெயர் அது. 1895-ம் ஆண்டு அந்த அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்து கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. வயல் விளைந்தது. வயிறு நிறைந்தது. நன்றி மறவாத மக்கள் அவர் பெயரைத் தங்கள் குழந்தைகளுக்குச் சூட்டினார்கள். தேனி புதிய பஸ் நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

இதற்காக யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரே தெருவில் நான்கு பென்னி குயிக் இருந்தாலும் வழக்கு வராது. பிள்ளைக்கு வைக்கும் பெயருக்குச் சொந்தக்காரர் கிடையாது.

ஆனால், விற்பனைக்கு வரும் பொருளுக்குப் பெயர் வைப்பது அப்படி அல்ல. அது திராட்சைப் பெட்டியாக இருந்தாலும் சரி, செல்போனில் ஓடும் செயலியாக இருந்தாலும் சரி, பெயருக்கு ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டம் தெரியாமல் பெயர் வைத்தவர்கள், பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் கூட, வைத்த பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுத வேண்டியதாயிற்று.

ஒரே நாளில் வந்த இரண்டு சட்டங்கள்

இந்தியாவில் பெயர்களைக் காப்பாற்ற இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. இரண்டும் 1999-ம் ஆண்டில் நிறைவேறியவை. இரண்டும் ஒரே நாளில், 2003-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அமலுக்கு வந்தன.

ஒன்று, வியாபாரச் சின்னச் சட்டம். "டிரேட் மார்க்" என்று கடைவீதியில் சொல்வார்கள். இதன்படி ஒரு பெயர் ஒருவருக்கு, அல்லது ஒரு கம்பெனிக்குச் சொந்தமாகிறது. வீட்டை விற்பது போல அந்தப் பெயரை விற்கலாம். பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்.

மற்றொன்று, புவிசார் குறியீட்டுச் சட்டம். இதன்படி ஒரு பெயர் ஒரு வட்டாரத்துக்கே சொந்தமாகிறது. கோவில் நிலம் மாதிரி. அதை யாரும் விற்க முடியாது, அடகு வைக்கவும் முடியாது. இந்தியா முழுமைக்கும் இதைப் பதிவு செய்யும் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

முதல் சட்டம் தனிச்சொத்து. இரண்டாவது சட்டம் ஊர்ச்சொத்து. இந்த வேற்றுமை புரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

போடி வாலிபரின் பிரச்சினை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. வியாபாரிகள் திரையைப் பார்த்து விலை கேட்கிறார்கள். பள்ளத்தாக்கின் தோட்டத்துப் பிள்ளைகள் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள்.

போடியைச் சேர்ந்த ஒரு வாலிபர் ஒரு செயலி தயாரிக்கிறார் என்று வைத்துக் கொள்ளலாம். அன்றாட ஏலக்காய் விலையை அது விவசாயிக்குச் சொல்லும். அதற்கு என்ன பெயர் வைப்பது?

"ஏலக்காய் விலை" என்று வைக்க அவர் விரும்புகிறார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் உடனே புரியும். நல்ல பெயர்தான். ஆனால், வியாபாரச் சின்னச் சட்டத்தின் 9-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. பொருள் இன்னது, அதன் குணம் இன்னது, அது செய்யும் வேலை இன்னது என்று மட்டும் சொல்லும் வார்த்தையை ஒருவர் தம்முடையது என்று பதிவு செய்ய முடியாது.

"சரி, போடி என்று மட்டும் வைக்கிறேன்" என்கிறார். அதற்கும் தடை. பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று காட்டும் பெயரையும் அதே பிரிவு மறுக்கிறது.

"அப்படியானால் பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைக்கிறேன்" என்கிறார். அது இன்னும் மோசம்! 11-வது பிரிவு அங்கே காத்திருக்கிறது. முன்பே இருக்கும் சின்னத்தோடு குழப்பம் உண்டாக்கும் பெயர் கூடாது. எழுத்தில் மட்டுமல்ல, காதுக்கு ஒன்றுபோல ஒலித்தாலும் குற்றமே.

"தமிழில் எழுதினால் தெரியாது அல்லவா?" என்று நினைத்தாலும் பலிக்காது. வேறு மொழி வார்த்தையாக இருந்தால், அதன் அர்த்தத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிறகு எந்தப் பெயர்தான் வைப்பது?

ஆப்பிளும் திராட்சையும்

இதற்கு விடை ஒரு பழத்தில் இருக்கிறது.

பழக்கடைக்காரர் "ஆப்பிள்" என்ற வார்த்தையைத் தம் பழத்துக்கு மட்டும் சொந்தமாக்க முடியாது. எல்லாப் பழக்கடையிலும் ஆப்பிள் இருக்கிறது. ஆனால், 1976-ம் ஆண்டு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கிய சிலர் தங்கள் கம்பெனிக்கு "ஆப்பிள்" என்று பெயர் வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கும் ஆப்பிள் பழத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததால்தான் அந்தப் பெயர் அவர்களுக்குச் சொந்தமாக முடிந்தது!

அதாவது, திராட்சை விற்பவர் "திராட்சை" என்ற வார்த்தையைப் பிடித்துக் கொள்ள முடியாது. கம்ப்யூட்டர் விற்பவர் பிடித்துக் கொள்ளலாம்.

போடி வாலிபரும் தம் செயலிக்கு "மயில்" என்று பெயர் வைக்கலாம். அதே துறையில் வேறு யாரும் அந்தப் பெயரை வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அல்லது அகராதியில் இல்லாத ஒரு வார்த்தையைப் புதிதாகப் படைக்கலாம். அதுவே எல்லாவற்றிலும் பலமான பெயர்.

மென்பொருள்களின் பெயர்கள் பல வாயில் நுழையாமல் விசித்திரமாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். அர்த்தமுள்ள பெயர் எல்லோருக்கும் சொந்தம். அர்த்தமில்லாத பெயர்தான் ஒருவருக்குச் சொந்தம்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

இது அநியாயம் போலத் தோன்றும். உண்மையில் இதில் பெரிய நியாயம் இருக்கிறது.

"ஏலக்காய் விலை" என்ற வார்த்தைகளை ஒருவர் தமக்கென்று எடுத்துக் கொண்டால், அடுத்தவர் தம் செயலி என்ன செய்கிறது என்று எப்படிச் சொல்வார்? "ஏலக்காய்" என்று எழுதும்போதெல்லாம் அவருக்கு வக்கீல் நோட்டீசு வரும். மொழி என்பது ஊர்க் கிணறு. ஆளுக்கு ஒரு குடம் எடுக்கலாம். கிணற்றையே ஒருவர் வேலி போட்டுக் கொள்ள முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரு சாதாரண வார்த்தையைப் பல காலம் பயன்படுத்தி, அதைக் கேட்டாலே மக்களுக்கு அந்த ஒரு கம்பெனிதான் நினைவுக்கு வருகிறது என்று நிரூபித்தால் பதிவு கிடைக்கலாம். ஆனால், அதற்குக் காலமும் பணமும் வேண்டும். அது பெரியவர்களுக்குக் கைகூடும். முதல் செயலி செய்யும் கிராமத்து வாலிபருக்குக் கைகூடாது.

வழக்குப் போட்டவரே பணம் கொடுத்தார்!

சாதாரண வார்த்தையைப் பெயராக வைத்தால் பெரியவர்களுக்கும் தலைவலி உண்டு. இதற்கு உதாரணம் மைக்ரோசாப்ட்.

அதன் "விண்டோஸ்" மென்பொருளை அறியாதவர் இல்லை. விண்டோஸ் என்றால் ஜன்னல்கள். அமெரிக்காவில் வேறொரு கம்பெனி "லிண்டோஸ்" என்ற பெயரில் ஒரு மென்பொருளைக் கொண்டு வந்தது. 2001-ம் ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாப்ட் வழக்கு தொடர்ந்தது.

பெயர்கள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கின்றன. மைக்ரோசாப்ட் சுலபமாக ஜெயித்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால், அமெரிக்க நீதிபதி உடனே தடை விதிக்க மறுத்தார். கம்ப்யூட்டர் திரையில் தோன்றும் கட்டங்களுக்கு "விண்டோஸ்" என்பது பொதுப்பெயர் அல்லவா என்ற கேள்வி கோர்ட்டில் எழுந்தது.

அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று தீர்ப்பு வந்திருந்தால் என்ன ஆகும்? உலகப் புகழ்பெற்ற பெயரே கையை விட்டுப் போயிருக்கும். 2004-ம் ஆண்டு வழக்கு சமாதானத்தில் முடிந்தது. வழக்குப் போட்ட மைக்ரோசாப்ட், எதிராளிக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் கொடுத்தது! எதிராளி "லிண்டோஸ்" பெயரைக் கைவிட்டு "லின்ஸ்பயர்" என்று மாற்றிக் கொண்டார்.

அதே மைக்ரோசாப்ட் இன்னொரு இடத்தில் தோற்றது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் தன் சேவைக்கு "ஸ்கை டிரைவ்" என்று பெயர் வைத்தது. இங்கிலாந்தில் "ஸ்கை" என்ற டெலிவிஷன் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2013-ம் ஆண்டு தீர்ப்பு டெலிவிஷன் கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. 2014-ம் ஆண்டு "ஸ்கை டிரைவ்" மறைந்து "ஒன் டிரைவ்" ஆயிற்று.

இன்டர்நெட் பார்க்க உதவும் "பயர்பாக்ஸ்" கதை இன்னும் வேடிக்கை. 2002-ம் ஆண்டு அதன் பெயர் "பீனிக்ஸ்". அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது. 2003-ம் ஆண்டு "பயர்பேர்டு" என்று மாற்றினார்கள். அதே பெயரில் தகவல்களைச் சேமிக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதைச் செய்தவர்கள் ஆட்சேபித்தார்கள். 2004-ம் ஆண்டு மூன்றாவது பெயராக "பயர்பாக்ஸ்" வந்தது. அதுதான் நிலைத்தது.

ஓர் எழுத்து செய்த வம்பு

வெளிநாட்டில் மட்டும்தான் இப்படியா? இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட "சிஃபி" கம்பெனியின் வழக்கு இந்தியா முழுவதும் பேசப்பட்டது.

"சத்யம் இன்ஃபோவே" என்ற தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து அந்தக் கம்பெனி "சிஃபி" என்ற வார்த்தையைப் படைத்தது. எந்த அகராதியிலும் இல்லாத வார்த்தை. பிறகு வேறொரு கம்பெனி, நடுவில் ஓர் எழுத்தை இரட்டித்து, "சிஃப்பிநெட்" என்ற பெயரில் இன்டர்நெட் முகவரி எடுத்தது. தன் நிறுவுநர்கள் ஐந்து பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததால் வந்த பெயர் இது என்று வாதாடியது.

பெங்களூர் கோர்ட்டு தடை விதித்தது. கர்நாடக ஐகோர்ட்டு தடையை நீக்கியது. 2004-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் தடை விதித்தது. இன்டர்நெட் முகவரியும் வியாபாரப் பெயரைப் போன்றதே, அதைப் பார்த்து மக்கள் ஏமாறக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

படைத்த வார்த்தையின் பலம் இந்த வழக்கில் தெரிகிறது. அகராதியில் இல்லாத வார்த்தை இரண்டு பேருக்குத் தற்செயலாகத் தோன்றியது என்றால் யார் நம்புவார்கள்?

"அரட்டை" யாருடையது?

தென்காசி அருகே கிராமத்தில் அலுவலகம் வைத்திருக்கும் "சோகோ" கம்பெனியைத் தமிழர்கள் அறிவார்கள். முன்பு அதன் பெயர் "அட்வென்ட்நெட்". 2009-ம் ஆண்டு "சோகோ" என்று மாற்றிக் கொண்டது. அதுவும் அகராதியில் இல்லாத வார்த்தைதான்.

அதே கம்பெனி 2021-ம் ஆண்டு செய்தி அனுப்பும் செயலி ஒன்றை வெளியிட்டது. பெயர் "அரட்டை". 2025-ம் ஆண்டு இறுதியில் அதன் பெயர் நாடெங்கும் அடிபட்டது. தமிழ் தெரியாதவர்களும் "அரட்டை" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

தமிழ் அறியாதவருக்கு அது புதுமையான ஓசை. தமிழருக்கோ அது திண்ணையில் பிறந்த வார்த்தை. செயலி செய்யும் வேலையையே சொல்லும் வார்த்தை. ஒரே பெயர் ஒருவருக்குப் படைத்த சொல்லாகவும், இன்னொருவருக்குப் பொதுச்சொல்லாகவும் இருக்கிறது! தமிழில் பெயர் வைக்க விரும்பும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. எந்தக் கம்பெனி என்ன பெயர் வைத்தாலும், மாலையில் நாலு பேர் கூடி அரட்டை அடிப்பதை யாரும் தடுக்க முடியாது. பேச்சுமொழி மேல் வியாபாரச் சின்னத்துக்கு அதிகாரம் இல்லை.

பன்னீர் திராட்சைக்குப் பட்டா

வாலிபர் "மயில்" என்று பெயர் வைத்துத் தப்பித்துக் கொள்வார். ஆனால், அவருடைய தகப்பனார்? அவர் பந்தலில் திராட்சை வளர்க்கிறார். மணக்க மணக்கப் பழுக்கும் திராட்சைக்கு அவர் "மயில்" என்று பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்? "கம்பம் பன்னீர் திராட்சை" என்று சொன்னால்தானே விற்கும்!

தோட்டக்கலை நிபுணர்கள் அந்தத் திராட்சையை "மஸ்கட் ஹாம்பர்க்" என்பார்கள். கடல் கடந்து வந்த ரகம் அது. பன்னீர் மணம் கமழ்வதால் "பன்னீர் திராட்சை" என்று மக்கள் பெயர் வைத்தார்கள். வைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கூடலூரிலும் பந்தல் போட்டு வளர்த்தவர்கள் அந்தப் பெயருக்கு மதிப்பைச் சேர்த்தார்கள். ஊரும் பெயரில் ஒட்டிக் கொண்டது.

அந்தப் பெயரை ஒரு வியாபாரி தனக்கென்று பதிவு செய்ய முடியாது. மற்ற விவசாயிகள் கதி என்ன ஆவது? அதே சமயம், யாருக்கும் சொந்தமில்லை என்று விட்டுவிடவும் முடியாது. வேறு மாநிலத்துக் கறுப்புத் திராட்சையைக் கொண்டு வந்து "கம்பம் பன்னீர்" என்று விற்றால் கேட்பார் யார்?

அதற்குத்தான் இரண்டாவது சட்டம். 2023-ம் ஆண்டு "கம்பம் பன்னீர் திராட்சை"க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாசிக் திராட்சையும், பெங்களூர் நீலத் திராட்சையும் முன்பே இந்தப் பதிவைப் பெற்றவை. இனி கம்பமும் அவற்றோடு சரிசமமாக நிற்கலாம். பதிவான ஊர்ப்பெயரைத் தனி ஒருவர் வியாபாரச் சின்னமாக்கிக் கொள்வதையும் அதே சட்டம் தடுக்கிறது.

மென்பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. மண்ணாலும் தண்ணீராலும் காற்றாலும், அல்லது அந்த வட்டாரத்துக் கைத்திறனாலும் குணம் பெறும் சரக்குக்கே புவிசார் குறியீடு. செயலி தேனியில் செய்தாலும் ஒன்றுதான், டெல்லியில் செய்தாலும் ஒன்றுதான். ஆகவே, தகப்பனார் ஊர்ப்பெயரைக் காப்பாற்ற வேண்டும். மகன் புதுப்பெயரைப் படைக்க வேண்டும்.

பத்து ரூபாய் செலவு

பட்டா கிடைத்துவிட்டது என்று சும்மா இருந்தால் போதாது. இங்கேதான் பல ஊர்கள் தவறு செய்கின்றன.

பெயர் பதிவானதும் எல்லா விவசாயிகளுக்கும் தானாகச் சட்டபூர்வமான உரிமை வந்துவிடாது. ஒவ்வொரு விவசாயியும் "அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளர்" என்று பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்களே அந்தக் குறியீட்டைப் பெட்டியில் ஒட்டலாம். போலிச் சரக்கு மீது வழக்குத் தொடரலாம். இதற்கான கட்டணம் முன்பு 500 ரூபாயாக இருந்தது. 2020-ம் ஆண்டு விதிகளைத் திருத்தி 10 ரூபாயாகக் குறைத்தார்கள்.

அந்தப் பத்து ரூபாய் விண்ணப்பத்தை யாரும் போடாவிட்டால், பட்டா பீரோவில் தூங்கும். சந்தையில் போலி விழித்திருக்கும். பதிவு 10 ஆண்டுகளுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

மகன் கவனிக்க வேண்டியவை வேறு. பெயர்ப்பலகைக்கும் விளம்பரத்துக்கும் செலவு செய்வதற்கு முன், வியாபாரச் சின்ன அலுவலகத்தின் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். இன்டர்நெட்டில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். சரக்குகளையும் சேவைகளையும் 45 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மென்பொருள் 9-வது வகை. பழங்கள் 31-வது வகை. தனி நபரும் சிறு தொழில் செய்பவரும் இன்டர்நெட் மூலம் விண்ணப்பித்தால், ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம் என்று 2017-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஏற்கப்பட்ட பெயரை அரசு இதழில் வெளியிடுவார்கள். நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவு முடிந்த பிறகே, வட்டத்துக்குள் "ஆர்" எழுத்தைப் போடலாம். அதற்கு முன் போடுவது தவறு.

பதிவு செய்துவிட்டுப் பயன்படுத்தாமல் பூட்டி வைக்கவும் முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாத பெயரை நீக்கும்படி மற்றவர்கள் கேட்கலாம். உழாத நிலத்துக்கு உரிமை கொண்டாட முடியாது என்பது போலத்தான்.

பெயரைக் காப்பது யார்?

சட்டம் பெயருக்கு வேலி போடும். ஆனால், பெயருக்கு மதிப்பைக் கொடுக்காது. அதைக் கொடுப்பது உழைப்பு.

பென்னி குயிக் தம் பெயரை எங்கும் பதிவு செய்யவில்லை. நூறு ஆண்டு கடந்தும் அந்தப் பெயர் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு ஒலிக்கிறது. காரணம், அவர் கொண்டு வந்த தண்ணீர்.

பன்னீர் திராட்சையின் பெயரும் அப்படித்தான். பழம் இனித்தால் பெயர் நிலைக்கும். பழுக்காத காயைப் பெட்டியில் அடைத்து, மேலே நல்ல பழத்தை வைத்து அனுப்பினால், கிண்டியில் கொடுத்த பட்டாவும் அந்தப் பெயரைக் காப்பாற்றாது.